மறியல், தடுப்பு, புனர்வாழ்வு: பெண்களைச் சிறைவைக்கும் சொற்கள்

தமிழ்நாட்டுப் பத்திரிகையொன்றில் ‘பெண்கள் மறியல்’ என்று தலைப்பு வந்தால், பெண்கள் வீதியில் அமர்ந்து போக்குவரத்தை மறித்திருக்கிறார்கள் என்று பொருள். யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ “அவா மறியலில இருக்கிறா” என்று யாரும் சொன்னால், அந்தப் பெண் சிறையில் இருக்கிறார் என்று பொருள். ஒரே சொல்தான். அங்கே மக்கள் மறிக்கிறார்கள். இங்கே மக்கள் மறிக்கப்படுகிறார்கள்.

போருக்கு முன்பிருந்தே எங்களிடம் உள்ள சொல் இது. ஆனால், கடந்த நாற்பது வருடங்களில் இதனைச் சுற்றி இன்னும் பல சொற்கள் சேர்ந்துவிட்டன. சில வர்த்தமானியில் அச்சாகி வந்தவை. சில சிறை வாசலிலும் பஸ் நிலையத்திலும் எங்கள் வீட்டுத் திண்ணைகளிலும் உருவானவை. இவற்றை வெறும் மொழி ஆர்வத்தோடு பார்த்துவிட்டுப் போக முடியாது. ஒருவரைத் தடுத்து வைப்பதற்கு முன்னர் அரசு அவருக்கு ஒரு பெயர் வைக்கிறது. அவருக்குச் சட்டத்தரணி கிடைப்பாரா, நீதவான் முன் நிறுத்தப்படுவாரா, விடுதலைக்குத் திகதி உண்டா, அவருடைய பெயர் ஏதேனும் ஒரு பட்டியலில் இருக்குமா என்பதையெல்லாம் அந்தப் பெயர்தான் தீர்மானிக்கிறது. தடுத்து வைக்கப்பட்ட தமிழ்ப் பெண்களின் விடயத்தில் அரசு வைத்த பெயர்களும் அவர்களைக் காக்கவில்லை. நாங்கள் வைத்த பெயர்களும் காக்கவில்லை.

விளக்கம் இல்லாத விளக்கமறியல்

எங்கள் செய்திகளில் நாளாந்தம் வரும் சொல் ‘விளக்கமறியல்’. விளக்கம் என்பது இங்கே வழக்கு விசாரணையைக் குறிக்கிறது. “வழக்கு விளக்கத்துக்கு எடுக்கப்பட்டது” என்று இன்றும் எழுதுகிறோம். ஆகவே, விசாரணை நடக்கும் வரை மறித்து வைத்தல் என்பதே இதன் பொருள். சொல்லுக்குள்ளேயே ஒரு வாக்குறுதி இருக்கிறது: விசாரணை வரும். சிங்கள அரச வழக்கில் இதற்கு ‘ரக்ஷித பந்தனாகாரகத’ என்ற சொற்றொடர் இருக்கிறது. ‘ரக்ஷித’ என்றால் பாதுகாக்கப்பட்ட என்று பொருள். ஒரு மொழியில் விசாரணை, மறு மொழியில் பாதுகாப்பு. இரண்டுமே உறுதியில்லை.

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த வாக்குறுதியை உடைத்தது. இந்தச் சட்டத்தின் முழுப் பெயரில் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொற்கள் இருக்கின்றன. தற்காலிகமாக என்று கொண்டுவரப்பட்ட சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. பெயரில் உள்ள ‘தற்காலிக’ மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதன் 9 ஆம் பிரிவின் கீழ் அமைச்சர் ஒருவர் தடுப்புக்காவல் உத்தரவு பிறப்பிக்கலாம். மூன்று மூன்று மாதங்களாக 18 மாதங்கள் வரை அதனை நீடிக்கலாம் என்றிருந்தது. 2022 இன் திருத்தம் அதனை 12 மாதங்களாகக் குறைத்தது. அதன் பிறகு விளக்கமறியல். வழக்கு முடியும் வரை அது வருடக்கணக்கில் நீளலாம், நீண்டும் இருக்கிறது.

சட்டத்தரணிகளும் குடும்பங்களும் அந்த உத்தரவை ‘டீ.ஓ.’ என்று சுருக்கிச் சொல்வார்கள். “டீ.ஓ. போட்டிட்டாங்கள்” என்றால், நீதிமன்றத்துக்குப் போவதில் இனிப் பயனில்லை என்று பொருள். “தவணை போட்டிருக்கு” என்றால், இன்னொரு முறை கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டும் என்று பொருள். இந்த இரண்டு வசனங்களையும் கற்றுக்கொள்ளாத கைதிக் குடும்பம் வடக்கு கிழக்கில் இருக்க முடியாது.

கைதி என்று சொல்லப்படாதவர்கள்

2009 மே மாதத்திற்குப் பின்னர் ஏறத்தாழ 12,000 பேர் விடுதலைப் புலிகளுடன் தொடர்புடையவர்கள் என்று பிரிக்கப்பட்டு வேறு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் 2,000 இற்கும் மேற்பட்டோர் பெண்கள். இவர்கள் கைதுசெய்யப்பட்டவர்கள் என்று அரச ஆவணங்கள் சொல்லவில்லை. அவசரகால ஒழுங்குவிதிகளின்படி இவர்கள் ‘சரணடைந்தோர்’. இவர்கள் இருந்த இடம் சிறை அல்ல, ‘பாதுகாப்பு விடுதி மற்றும் புனர்வாழ்வு நிலையம்’. அங்கே போனதும் இவர்கள் ‘பயனாளிகள்’ ஆனார்கள். வெளியே வந்தபோது ‘சமூகத்துடன் மீள இணைக்கப்பட்டவர்கள்’ ஆனார்கள்.

இந்த நான்கு பெயர்களும் என்ன செய்தன என்று பார்க்க வேண்டும். கைதுசெய்யப்பட்டவர் என்றால் காரணம் சொல்ல வேண்டும், நீதவான் முன் கொண்டுவர வேண்டும். சரணடைந்தவர் தானாக வந்தவர். அவருக்கு இவை எதுவும் தேவையில்லை என்று வாதிடலாம். கைதி என்றால் சிறைச்சாலைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பயனாளிக்கு அந்தப் பதிவேடு இல்லை. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவுக்கு 2009 ஜூலைக்குப் பிறகு இந்த முகாம்களுக்குள் செல்ல அனுமதி இருக்கவில்லை. 2010 செப்டெம்பரில் சர்வதேச சட்டவியலாளர் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கை, உலகில் அப்போது நடந்துகொண்டிருந்த மிகப் பெரிய நிர்வாகத் தடுப்புக்காவலாக இது இருக்கலாம் என்று கூறியது. ஆனால், அரசின் சொற்களை மட்டும் வாசிக்கும் ஒருவருக்கு அங்கே ஒரு பயிற்சி நெறி நடந்ததாகவே தோன்றும். வவுனியா பூந்தோட்டத்தில் இருந்த பெண்களுக்குத் தையலும் அழகுக்கலையும் கற்பிக்கப்பட்டன. முடிவில் சான்றிதழ் வழங்கப்பட்டது.

சான்றிதழைத் தவறு என்று சொல்லவில்லை. சிலருக்கு அந்தத் தையல் பயிற்சி பின்னர் உதவியுமிருக்கலாம். பிரச்சினை வேறு. நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லலாம், அல்லது விடுவிக்கலாம். ‘புனர்வாழ்வு பெற்றவர்’ இந்த இரண்டிலும் சேராதவர். தண்டனை அனுபவித்துவிட்டதாகவும் கொள்ள முடியாது, நிரபராதி என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் புனர்வாழ்வு முடித்து வந்தவர்கள் மீண்டும் விசாரணைக்கு அழைக்கப்பட்டபோதும், சிலர் மீண்டும் கைதானபோதும், “எனக்கு இது ஏற்கெனவே முடிந்துவிட்டது” என்று காட்டுவதற்கு அவர்களிடம் தீர்ப்பு எதுவும் இருக்கவில்லை. சான்றிதழ் மட்டுமே இருந்தது.

அதே காலத்தில் செட்டிக்குளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்த லட்சக்கணக்கான பொதுமக்கள் ‘நலன்புரிக் கிராமங்களில்’ இருந்ததாகச் சொல்லப்பட்டார்கள். அந்த வலயங்களுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று தமிழ்ப் பெயர்களே வைக்கப்பட்டன. வெளியே போக அனுமதியில்லாத இடத்துக்கு நலன்புரி என்று பெயர்.

நிழல், நன்னடத்தை, நீதி

இது தமிழருக்கு மட்டும் செய்யப்பட்டதல்ல. நுகேகொட கங்கொடவிலவில் ‘மெத்செவன’ என்ற அரச தடுப்பு இல்லம் இருக்கிறது. ‘மெத்’ என்றால் மைத்ரி, கருணை. ‘செவன’ என்றால் நிழல். 1841 ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வீதியில் பிடிக்கப்படும் பெண்களை அனுப்பும் இடங்களில் ஒன்று இந்தக் கருணை நிழல். பாலியல் தொழில் செய்வதாகச் சந்தேகிக்கப்படும் பெண்கள், வீடற்றவர்கள், மனநோயால் பாதிக்கப்பட்டவர்கள், பெரும்பாலும் ஏழைச் சிங்களப் பெண்கள், அங்கே போயிருக்கிறார்கள். சிறைத்தண்டனைக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. நிழலுக்கு அப்படியொன்று இல்லை. பெண்ணைத் தடுத்து வைக்கும்போது அரசின் மொழி வழமையைவிட மென்மையாகிவிடுகிறது. மென்மையான சொல்லுக்குள் கேள்வி கேட்பது கடினம்.

2014 மார்ச்சில் கிளிநொச்சி தர்மபுரத்தில் பாலேந்திரன் ஜெயகுமாரி கைதுசெய்யப்பட்டதை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். காணாமல் ஆக்கப்பட்டோருக்கான போராட்டங்களில் தன் மகனின் படத்தோடு முன்னணியில் நின்ற தாய் அவர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ ஒரு வருடம் பூசாவில் வைக்கப்பட்டு, 2015 மார்ச்சில் பிணையில் வந்தார். அவருடைய பதின்ம வயது மகள் அந்தக் காலத்தில் நன்னடத்தைப் பிரிவின் பொறுப்பில் விடப்பட்டார். ‘நன்னடத்தை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்தத் தவறும் செய்யாத, தாயைப் பறிகொடுத்த ஒரு சிறுமி, நடத்தையைத் திருத்தும் பெயர்கொண்ட திணைக்களத்தின் கோப்பாக மாறினார். அதிகாரிகள் கெட்ட எண்ணத்தோடு அந்தப் பெயரை வைத்தார்கள் என்பதல்ல. ஒரு தாய் சிறைக்குப் போகும்போது பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதற்கு அரசிடம் வேறு சொல்லே இல்லை என்பதுதான் பிரச்சினை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தாயோடு சிறைக்குள்ளேயே வளர்கிறார்கள். அவர்களைக் குறிக்கவும் ஒரு சொல் இல்லை. அவர்கள் கைதிகள் அல்லர், ஆனால் வெளியே போக முடியாது.

2023 டிசெம்பரில் தொடங்கிய போதைப்பொருள் எதிர்ப்பு நடவடிக்கைக்கு ‘யுக்திய’ என்று பெயர் வைக்கப்பட்டது. நீதி என்று பொருள். பல்லாயிரக்கணக்கானோர் பிடிக்கப்பட்டார்கள், நடைமுறைகள் மீறப்படுவதாக ஐ.நா. நிபுணர்கள் 2024 ஜனவரியில் கண்டித்தார்கள். அதே வருடம், 2023 ஜனவரியில், புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் நிறைவேறியிருந்தது. அதன் முதல் வரைவில் முன்னாள் போராளிகளும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அது போதைப்பொருளுக்கு அடிமையானோருக்கு என்று மட்டுப்படுத்தப்பட்டது. எங்கள் பிள்ளைகள் மீது பரீட்சித்துப் பார்க்கப்பட்ட ஒரு சொல், இப்போது நாடு முழுவதுமுள்ள ஏழைகளுக்காகத் தயாராக இருக்கிறது.

தமிழில் இல்லாத தமிழ்

வெலிக்கடைச் சிறைச்சாலையின் வெளிமதிலில் ‘சிறைக்கைதிகளும் மனிதர்களே’ என்று மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. மதிலுக்கு வெளியே தமிழ் இருக்கிறது. உள்ளே நிர்வாகம் நடப்பது பெரும்பாலும் சிங்களத்தில்.

கொழும்பில் தடுத்து வைக்கப்படும் தமிழ்ப் பெண் முதலில் பழக வேண்டிய சொற்களில் மூன்று: ‘நடுவ’, ‘உசாவிய’, ‘விலங்குவ’. வழக்கு, நீதிமன்றம், கைவிலங்கு. மூன்றுமே தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போன சொற்களாகக் கருதப்படுபவை. நடு என்றால் பக்கம் சாராமை. உசாவுதல் என்றால் கேட்டு அறிதல். இந்தச் சொற்கள் எங்களிடமிருந்து போய், பக்கம் சாராமையும் கேட்டு அறிதலும் இல்லாத இடத்தில் அந்நியச் சொற்களாக எங்களிடமே திரும்பி வருகின்றன. விலங்கு மட்டும் பொருள் மாறவில்லை.

இதனை ஒரு சொல் விளையாட்டாக விட்டுவிட முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கிறது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்றால் அதனை நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே விழுகிறது. 1993 இல் கைதான நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இதற்கு அறியப்பட்ட சாட்சி. சிங்களம் தெரியாத அவர், சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைக்க நேர்ந்தது. அதை வைத்தே 50 வருடத் தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 வருடங்களாகக் குறைக்கப்பட்டது. 2004 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருடைய நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதாகக் கண்டது. கைதானவர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் அளிக்க இடமளிக்க வேண்டும் என்று 2006 ஜூலையின் ஜனாதிபதிப் பணிப்புரைகள் சொல்கின்றன. தமிழ் அரச கரும மொழியாகி 1987 இலிருந்து கணக்கு வைக்கலாம். மதிலில் எழுதியதும் அரசியலமைப்பில் எழுதியதும் விசாரணை அறைக்குள் போக இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

‘அரசியல் கைதிகள் இல்லை’

இலங்கையில் அரசியல் கைதிகள் எவரும் இல்லை என்பதை 2015 இல் நீதியமைச்சராக இருந்த விஜயதாச ராஜபக்ஷ உட்பட அடுத்தடுத்த அமைச்சர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வகை இல்லை என்பது அவர்களுடைய வாதம். பயங்கரவாதக் குற்றச்சாட்டு உள்ளவர்கள் மட்டுமே இருக்கிறார்களாம். ஆனால் ‘சரணடைந்தோர்’, ‘பயனாளி’ என்ற வகைகளும் குற்றவியல் சட்டக்கோவையில் இருந்ததில்லை. தேவைப்பட்டபோது அரசு அவற்றை உருவாக்கிக்கொண்டது.

அரசியல் கைதி என்றால் எதுவும் செய்யாதவர் என்று பொருளில்லை. ஐரோப்பியப் பேரவையின் பாராளுமன்ற சபை 2012 இல் ஏற்ற வரையறை, தடுத்து வைக்கப்பட்ட விதத்தையும் பார்க்கச் சொல்கிறது: காவலின் காலம் குற்றத்துக்கு ஏற்றதா, மற்றவர்களோடு ஒப்பிடும்போது பாகுபாடு காட்டப்பட்டதா, நடைமுறை அரசியல் நோக்கத்தோடு நியாயமற்றதாக இருந்ததா என்பவை அதில் அடங்கும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இல்லை என்று ஒரே வசனத்தில் முடிக்க முடியாது.

தெற்கிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1971 ஏப்ரலை சிங்கள வழக்கு ‘கெரெல்ல’, அதாவது கிளர்ச்சி என்றே அழைக்கிறது. அதற்காக உருவாக்கப்பட்ட குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம் 1977 இல் நீக்கப்பட்டபோது ரோகண விஜேவீர உட்பட ஜே.வி.பி.யினர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். தண்டித்த சட்டமே பிழையென்று ஏற்கப்பட்டது. அந்தக் கட்சியின் தலைமையிலான கூட்டணி 2024 முதல் ஆட்சியில் இருக்கிறது. ஒரு சட்டம் போவதன் மூலம் மனிதர் வெளியே வரலாம் என்பதை வேறு எவரையும்விட அவர்கள் அறிவார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2018 இலும் 2023 இலும் வந்த சட்டமூலங்கள் ‘தடை’யை ‘எதிர்ப்பு’ ஆக்கின. பெயர் மாறினால் போதாது. அந்தச் சட்டத்தால் உள்ளே போனவர்களுக்கு என்ன நடக்கும் என்பதே கேள்வி.

எங்கள் வாயிலிருந்து

அரசின் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது இலகு. எங்கள் சொற்களைப் பார்ப்பதுதான் கடினம்.

‘நாலாம் மாடி’ என்று நாங்கள் சொன்னால், கொழும்பு குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணை அறை என்று எவருக்கும் புரியும். ‘பூசா’ என்பது காலிக்கு அருகிலுள்ள ஓர் ஊரின் பெயர். எங்களுக்கு அது ஒரு சிறை மட்டுமே. முகத்தை மூடிக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுத்தவரைத் ‘தலையாட்டி’ என்றோம். இவை பயத்தைச் சுருக்கமாகச் சொல்வதற்கு மக்கள் கண்டுபிடித்த சொற்கள். அதிகாரி ஒருவரின் முன்னால் வெளிப்படையாகப் பேச முடியாத காலத்தில் இவை எங்களைக் காத்திருக்கின்றன.

ஆனால் கவனித்தால், எங்கள் சிறைச் சொற்களுக்குள் ஆண்தான் இருக்கிறான். ‘மறியற்காரன்’ என்ற சொல் காதுக்குப் பழகியது. அதன் பெண்பால் பழகவில்லை. சினிமாவிலிருந்து வந்த ‘மாமியார் வீடு’ என்ற பகிடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருமகனுக்கு விருந்து வைக்கும் வீடு என்பதால்தான் அது பகிடி. மருமகளாகப் போன பெண்ணுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ‘அரசியல் கைதிகளை விடுதலை செய்’ என்ற பதாகையைப் பார்க்கும்போதும் எங்கள் மனதில் வருவது ஆண்களின் முகங்களே. பெண்கள் அந்தப் பதாகையைப் பிடித்திருப்பவர்களாகவே வருகிறார்கள்: தாயாக, மனைவியாக, சகோதரியாக.

வெளியே வந்த பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘தடுப்பால வந்தவள்’. அரசு ‘தடுப்பு’ என்ற சொல்லைத் தவிர்த்தது. நாங்கள் அதை நேரே சொன்னோம். அந்த வகையில் எங்கள் சொல் உண்மையானது. ஆனால் அதைச் சொல்லும் இடத்தைப் பாருங்கள். கலியாணம் பேசும்போது தாழ்ந்த குரலில் சொல்லப்படுகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது சொல்லப்படுகிறது. ஆண் ‘தடுப்பால வந்தவன்’ என்றால் அடிபட்டவன், துன்பப்பட்டவன். பெண் ‘தடுப்பால வந்தவள்’ என்றால் அங்கே அவளுக்கு என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி எங்கள் கண்ணில் ஓடுகிறது. நடந்ததோ நடக்கவில்லையோ, அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டியவளாகிறாள். முகாமில் அரசு அவளை ஒரு முறை விசாரித்தது. ஊரில் அவளுக்கு ஒவ்வொரு நாளும் விசாரணை. அதற்கும் தீர்ப்பு இல்லை.

இப்போது போதைப்பொருள் வழக்குகளில் பிடிபடும் பெண்களுக்கு ‘குடுக்காரி’ என்ற பட்டம் தயாராக இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் இந்தப் பட்டம் ஒட்டப்பட்ட பெண்களுக்கு யாரும் பதாகை பிடிப்பதில்லை. அவர்களும் அதே வெலிக்கடையில்தான் இருக்கிறார்கள், அதே மொழி தெரியாமல், அதே தவணைக்காக.

செய்யக்கூடியவை

தடுத்து வைக்கப்பட்டுள்ளவர்களின் மையப் பட்டியல் ஒன்று உறவினர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அரசே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் பரிந்துரைத்தது. அந்தப் பட்டியலில் சிறை, புனர்வாழ்வு நிலையம், தடுப்பு இல்லம் என எல்லா இடங்களும் சேர வேண்டும். பெண்களும், அவர்களோடு இருக்கும் பிள்ளைகளும் தனியாகக் காட்டப்பட வேண்டும். எந்தப் பெயரில் வைத்திருந்தாலும், வெளியே போக முடியாதவர் தடுத்து வைக்கப்பட்டவரே என்பதைச் சட்டம் ஏற்க வேண்டும்.

புனர்வாழ்வு பெற்றவர்களின் சட்ட நிலை எழுத்தில் தீர்க்கப்பட வேண்டும். அதே விடயத்துக்காக மீண்டும் கைதாக மாட்டார்கள் என்ற உறுதி சான்றிதழில் அல்ல, சட்டத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, செய்தி எழுதும் எங்களுக்கும் வாசிக்கும் உங்களுக்கும் உரியது. பொலிஸ் அறிக்கையில் ‘சந்தேகநபரான பெண்’ என்று வந்தால், எந்தச் சட்டத்தின் கீழ், எங்கே, எத்தனை நாளாக என்று நாங்கள் கேட்டு எழுத வேண்டும். ‘புனர்வாழ்வு அளிக்கப்பட்டது’ என்று வந்தால், எந்த நீதிமன்ற உத்தரவில் என்று கேட்க வேண்டும். ‘தடுப்பால வந்தவள்’ என்ற சொல் ஊரில் காதில் விழும்போது, அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அரசு அந்தப் பெயரைத் தன் பதிவேட்டில் எழுதாமல் விட்டது. நாங்கள் அந்தப் பெயரைச் சொல்லியே அவளை அழைக்கலாம். அதற்கு எந்த வர்த்தமானியும் தேவையில்லை.